மலையகத்தில் குயிக் ஹிட்ச்: அளப்பதிலிருந்து கழட்டுவது வரை

வெலிமடையில் நெல் அறுத்த வயலில் உருளைக்கிழங்கு போடும் காலத்தில் எந்த ட்ரெக்டரும் நாள் முழுக்க ஒரே கருவியோடு நிற்பதில்லை. காலையில் நைன் டைன் (ஒன்பது கொழுக் கலப்பை), மதியம் மண்ணைத் தூளாக்கும் ரொட்டவேட்டர், மறுநாள் பாத்தி கட்டும் கலப்பை. அம்பேவெல பக்கத்துப் புல் பண்ணைகளில் புல் வெட்டும் கருவியும் டிரெய்லரும் மாறி மாறி வரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டுநர் இறங்கி ஏற வேண்டும். கூட வந்தவர் அலவாங்கால் கலப்பையை நெம்பித் துளையை நேராக்குவார். கருவியை மாட்டும் இரும்புப் பின் துளையில் நுழையாவிட்டால் சுத்தியல் அடி விழும். நேரம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ட்ரெக்டருக்கும் கலப்பைக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறாரே, அதுதான் பொறுக்க முடியாதது. சரிவில் பிரேக் ஒரு சாண் விட்டாலும் அவருக்கு ஒதுங்க இடமில்லை.

குயிக் ஹிட்ச், அதாவது ட்ரெக்டரையும் கருவியையும் இணைக்கும் விரைவுப் பூட்டு, இந்த வேலையின் பெரும்பகுதியை ஓட்டுநரின் இருக்கைக்கே கொண்டுவருகிறது. பின்னால் வந்து, தூக்கினால், கொக்கிகள் கருவியின் பின்களைத் தாமாகப் பிடித்துப் பூட்டிக்கொள்ளும். என்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டையும் ஹைட்ரோலிக் குழாய்களையும் மாத்திரம் இறங்கித்தான் கொளுவ வேண்டும். விற்பவர்கள் இதை அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

இன்னொன்றையும் அவர்கள் சொல்வதில்லை. உங்களிடம் உள்ள எல்லாக் கருவிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஹிட்ச் வேலை செய்யும். நம் பக்கத்தில் ஒரு கராஜில் நிற்கும் நாலு கருவியும் நாலு இடத்தில் செய்தவையாக இருக்கும்: ஒன்று இந்தியாவிலிருந்து வந்தது, ஒன்று பழைய இங்கிலாந்துக் கலப்பை, ஒன்று உள்ளூர் வெல்டிங் பாஸ் ஒட்டியது. ஆகவே காசு கொடுப்பதற்கு முன் டேப்பை எடுங்கள்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டருக்கு இதில் எதுவும் பொருந்தாது. மூன்று புள்ளி இணைப்பு உள்ள நாலு சில்லு ட்ரெக்டருக்கு மட்டுமே இந்தக் கதை. கந்தப்பளை, இராகலை பக்கத்து ஒடுங்கிய தட்டுகளில் மம்பட்டியும் லேண்ட்மாஸ்டரும்தான் இறங்கும் என்றால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஒரு போகத்துக்கு இரண்டு தடவை கருவி மாற்றுபவருக்கும் இது வீண் செலவு. நல்ல லின்ச் பின்களும் (மாட்டியது கழராமல் குறுக்கே போடும் வளையப் பின்) ஒரு சமமான சிமெண்டுத் தரையும் போதும். கூலிக்கு உழுபவருக்கு, அதுவும் உதவிக்கு ஆள் இல்லாமல் தனியாக ஓடுபவருக்கு, இது முதல் வாரத்திலேயே தன் பெறுமதியைக் காட்டும்.

நான்கு வகை

பெர்குசன் டி.ஈ.20 ட்ரெக்டர் 1946இல் இங்கிலாந்தில் தயாராகத் தொடங்கிய காலத்திலிருந்தே மூன்று புள்ளிகளும் மாறவில்லை: கீழே இரண்டு கைகள், மேலே நீட்டிச் சுருக்கக்கூடிய டொப் லிங்க். அந்த மூன்றையும் வேகமாகப் பூட்ட நான்கு வழிகள் உண்டு.

தலைகீழான 'ப' வடிவச் சட்டம்தான் கடைகளில் அதிகம் காட்டப்படுவது. கீழே இரண்டு கொக்கி, மேலே ஒரு கொக்கி. சட்டம் ட்ரெக்டரிலேயே நிற்கும். கருவியின் பின்களில் புஷ் (பின்னைத் தடிப்பாக்கும் இரும்பு உறை) போட்டால் பெரும்பாலும் போதும். குறை இரண்டு: கருவியை ஏறக்குறைய 4 அங்குலம், அதாவது 100 மி.மீ. பின்னுக்குத் தள்ளும், சட்டத்தின் எடையையும் ட்ரெக்டர் சுமக்க வேண்டும்.

முக்கோணச் சட்டம் ஐரோப்பாவில் பரவலானது. ட்ரெக்டரில் ஒரு முக்கோணம், ஒவ்வொரு கருவியிலும் அதற்குப் பொருந்தும் இன்னொரு முக்கோணம். பின்னால் வந்து தூக்கினால் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நேராகிவிடும். சரிவில் கொஞ்சம் கோணலாக வந்தாலும் பிடிக்கும். ஆனால் எத்தனை கருவியோ அத்தனை முக்கோணம் ஒட்ட வேண்டும். பி.டி.ஓ. தண்டு முக்கோணத்தின் நடுவால் போவதால் ரொட்டவேட்டருக்கு இடம் நெருக்கமாகும்.

மூன்றாவது, கீழ்க் கைகளின் நுனியையே கொக்கியாக மாற்றுவது. கருவியின் பின்களில் பந்துகளை ஏற்றி வைத்துவிட்டால், கொக்கி கீழிருந்து வந்து பந்தைக் கவ்வும். கெட்டகரி என்பது இணைப்பின் அளவு வகை; 1 சிறியது, 2 பெரியது. கெட்டகரி 1 கொக்கிக்கு வெளி விட்டம் 44 மி.மீ. பந்து, கெட்டகரி 2க்கு 56 மி.மீ. கருவி பின்னுக்குத் தள்ளப்படுவதில்லை. இருக்கும் பி.டி.ஓ. தண்டு அப்படியே பொருந்தும். பந்து உருளக்கூடியது என்பதால் பின்கள் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் கவலையில்லை. மலைப் பக்கத்துக்கு நாம் முதலில் சொல்வது இதைத்தான். சிக்கல் என்னவென்றால், பழைய ட்ரெக்டர்களில் கீழ்க் கையின் நுனியை வெட்டிப் புதுக் கொக்கியை ஒட்ட வேண்டும். அந்தக் கை அடித்து உருவாக்கிய இரும்பு. அதைச் சூடேற்றாமல் சாதாரண வெல்டிங் ராடால் அவசரமாக ஒட்டினால், உள்ளே விழும் வெடிப்பு வெளியே தெரியாது. கலப்பை வேரில் மாட்டும் நாளில்தான் தெரியவரும். கொக்கியோடு வரும் முழுக் கையும் கிடைக்குமென்றால் அதையே வாங்குங்கள்.

நான்காவது, நீட்டிக்கொள்ளும் நுனி. சிறிய ஜப்பான் ட்ரெக்டர்கள் பலவற்றில் இருக்கிறது. பூட்டைத் தட்டி நுனியை வெளியே இழுத்து, கருவியின் பின்னில் மாட்டி, லின்ச் பின் போட்டுவிட்டு, ட்ரெக்டரை மெதுவாகப் பின்னால் எடுத்தால் நுனி உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். இருக்கையிலிருந்து இறங்கத்தான் வேண்டும். ஆனால் அலவாங்கு வேலை ஒழிந்துவிடும். உங்கள் ட்ரெக்டரில் இது ஏற்கெனவே இருந்து, துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் டீசல் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டாலே வேலை முடிந்துவிடும், காசும் மிச்சம்.

இனி வருவதில் பெரும்பகுதி 'ப' சட்டத்தைப் பற்றியது. அளவுப் பிழைகள் அதிகம் நடப்பது அதில்தான்.

அளவெடுத்தல்

கருவியைச் சமதரையில் மரக்கட்டைகள் மேல் நிறுத்துங்கள். டேப், வெர்னியர், தூக்குக்குண்டு, சோக்கட்டி வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஐந்து அளவு; அதை அந்தக் கருவியின் மீதே எழுதிவிடுங்கள்.

முதலில் கீழ்ப் பின்னின் விட்டம். கெட்டகரி 1 என்றால் 22 மி.மீ., கெட்டகரி 2 என்றால் 28 மி.மீ. தேய்ந்த பின் 21ஐக் காட்டும். அதை மாற்றிவிட்டே மேலே போங்கள். அடுத்து மேல் பின்: கெட்டகரி 1க்கு 19, கெட்டகரி 2க்கு 25 மி.மீ. மூன்றாவது, இரண்டு கீழ்ப் பின்களின் தோள்களுக்கு இடையிலான அகலம்: கெட்டகரி 1க்கு 683 மி.மீ., கெட்டகரி 2க்கு 825 மி.மீ. கெட்டகரி 2 பின் தடிப்போடு 683 மி.மீ. அகலமும் வரும் ஒடுங்கிய வகையும் உண்டு; பின்னை மட்டும் பார்த்து வகையை முடிவுசெய்தால் இங்கேதான் ஏமாறுவீர்கள்.

நான்காவது அளவு, கீழ்ப் பின்களின் மையத்திலிருந்து மேல் பின்னின் மையம் வரை உயரம். கெட்டகரி 1 கருவிகளில் பொதுவாக 460 மி.மீ., அதாவது 18 அங்குலம். அமெரிக்க முறைப்படி செய்த 'ப' சட்டத்தில், கெட்டகரி 1க்கும் 2க்கும், மேல் கொக்கி 381 மி.மீ. உயரத்தில், அதாவது 15 அங்குலத்தில் நிற்கும். 79 மி.மீ. வித்தியாசம். சட்டம் வாங்கி வந்து, கீழே இரண்டும் பிடித்து மேலே காற்றில் நிற்பதன் காரணம் இதுதான். மேல் கொக்கியை ஏற்றி இறக்கக்கூடிய சட்டம் இருந்தால் கூடுதல் விலை கொடுத்தாலும் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் கருவியின் மேல் தூணில் 79 மி.மீ. கீழே புதுத் துளை போட வேண்டும்.

ஐந்தாவதைப் பலர் அளப்பதேயில்லை: பின்னைச் சுற்றியுள்ள இடம். கொக்கி கீழிருந்து மேலே வருகிறது. பின்னுக்குக் கீழே குறுக்குச் சட்டமோ வெல்டிங் கட்டியோ இருந்தால் கொக்கி முட்டி நிற்கும். உள்ளூரில் பலப்படுத்த ஒட்டிய தகடுகள் பெரும்பாலும் சரியாக இந்த இடத்தில்தான் இருக்கும்.

ஒரு கருவி இந்தக் கணக்குக்கே வராது. வட்டத் தட்டுகளால் உழும் பழைய சட்டிக் கலப்பையிலும் பெர்குசன் முறைக் கலப்பையிலும் கீழ்ப் பின்கள் ஒரு வளைந்த குறுக்குத் தண்டின் இரு நுனிகளாக இருக்கும். அந்தத் தண்டைத் திருப்பித்தான் முதல் சாலின் அகலத்தைச் சரிசெய்வார்கள். திருப்பும்போது ஒரு பின் மேலும் முன்னுமாக, மற்றது கீழும் பின்னுமாகப் போகும். அசையாத 'ப' சட்டம் இதைப் பிடிக்காது. பிடித்தாலும் தண்டைத் திருப்ப விடாது. உங்கள் முக்கிய வேலை சட்டிக் கலப்பையில் என்றால் கொக்கி நுனிக்குப் போங்கள்.

புஷ், மேல் தூண், கால்

'ப' சட்டத்தின் கீழ்க் கொக்கி வாய் 1 7/16 அங்குலப் புஷ்ஷுக்கு, அதாவது 36.5 மி.மீ.க்குச் செய்தது. மேல் கொக்கி 1 1/4 அங்குலத்துக்கு, 31.75 மி.மீ. கெட்டகரி 1 கருவிக்கு லேத்தில் கொடுக்க வேண்டிய அளவு: கீழே உள் விட்டம் 22.5, வெளி 36.5, மேலே உள் 19.5, வெளி 31.75. கெட்டகரி 2க்கு வெளி விட்டம் மாறாது. உள் விட்டம் கீழே 29, மேலே 26. நீளம், இரு தகடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை விட 1 முதல் 2 மி.மீ. குறைவு. பின் ஒரு பக்கம் மட்டும் நீட்டி நிற்கும் கருவியில் புஷ் வழுக்கி விழாதபடி வெளியே ஒரு வாஷரும் லின்ச் பின்னும் வேண்டும்.

லேத்துக் கூலியை மிச்சம்பிடிக்க 1 அங்குல ஜி.ஐ. குழாயை வெட்டிப் போடுவார்கள். அந்தக் குழாயின் வெளி விட்டம் 34 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, உள்ளே ஏறக்குறைய 27. கொக்கிக்குள்ளும் ஆடும், பின்னின் மேலும் ஆடும். கல் நிறைந்த நிலத்தில் சில நாளிலேயே நீள்வட்டமாகி, பூட்டு நாக்கின் மேல் தொடர்ந்து இடிக்கும். மைல்ட் ஸ்டீல் ராடைக் கடைந்து செய்வதே சரி.

மேல் தூணில் புதுத் துளை போடும்போது கீழ்ப் பின்களிலிருந்து 381 மி.மீ. குறித்து, இரண்டு தகட்டிலும் ஒரே நேரத்தில் துளை விழும்படி டிரில் செய்யுங்கள். கேஸ் கட்டரால் எரித்த துளை வட்டமாக வராது, பின் ஒரு ஓரத்தில் மட்டும் அழுத்தும். தகடு 10 மி.மீ.க்கு மெலிந்ததென்றால் துளையைச் சுற்றி ஒரு வளையத் தகட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். பழைய துளையை அடைக்க வேண்டாம். கருவியை வேறொருவருக்கு இரவல் கொடுத்தால் அது தேவைப்படும்.

அடுத்தது கால். நைன் டைன் தன் கொழுக்களிலேயே நிற்கும். ரொட்டவேட்டர் முன்னுக்குச் சாயும், சட்டிக் கலப்பை பக்கத்துக்கு விழும். ஹிட்ச் வேலை செய்ய, கழட்டிய கருவி பூட்டிய உயரத்திலேயே, அதே சாய்வில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி அலவாங்குதான். துளையிட்ட சதுரக் குழாயில் இரண்டு ஏற்றி இறக்கும் கால்கள் செய்து, அடியில் 150 மி.மீ. சதுரத் தகடு ஒட்டுங்கள். மழைக்குப் பின் நம் மண்ணில் வெறும் குழாய்க்கால் ஒரு இரவிலேயே புதைந்துவிடும்.

சட்டத்தையே உள்ளூரில் செய்வது பற்றிக் கேட்பவர்கள் உண்டு. சட்டத்தை நல்ல வெல்டிங் பாஸ் செய்யலாம். கொக்கியையும் பூட்டையும் வாங்கி ஒட்டுவதே புத்தி. அரை அங்குலத்துக்கு மெலிந்த தகட்டில் வெட்டிய கொக்கி வாய் திறந்துகொள்ளும். பாரம் தாங்கும் மூட்டுகளுக்கு 7018 வெல்டிங் ராடைக் காயவைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள்; நுவரெலியா ஈரத்தில் திறந்து கிடந்த பெட்டியிலிருந்து எடுத்த ராட் வேண்டாம். ட்ரெக்டரில் மாட்டியபடியே ஒட்டுவதானால் பெட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழட்டிவிட்டே தொடங்க வேண்டும்.

சட்டத்தை ட்ரெக்டரில் ஏற்றுதல்

இதை ஒரு தடவை ஒழுங்காகச் செய்தால் போதும். சமதரையில் ட்ரெக்டரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் கட்டை வையுங்கள்.

கீழ்க் கைகளைச் சட்டத்தின் பின்களில் மாட்டி லின்ச் பின் போடுங்கள். டொப் லிங்கைச் சட்டத்தின் மேல் துளையில் மாட்டுங்கள். கைகள் தரைக்குச் சமாந்தரமாக இருக்கும் உயரத்தில், தூக்குக்குண்டு பிடித்து, சட்டம் நேர்குத்தாக நிற்கும்வரை டொப் லிங்கை நீட்டிச் சுருக்குங்கள். அந்த நிலையில் டொப் லிங்கின் புரியில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், கலப்பையின் ஆழத்துக்காகத் திருப்பிய பிறகும் திரும்பி வர இடம் தெரியும்.

சட்டத்தின் இரு கீழ்க் கொக்கிகளும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வலது தூக்குக் கம்பியின் கைப்பிடியைச் சுழற்றிச் சமப்படுத்துங்கள். கீழ்க் கைகளைப் பக்கவாட்டில் பிடிக்கும் செக் செயின்களை, பக்கத்துக்கு 20 முதல் 25 மி.மீ. மட்டும் ஆடும் அளவுக்கு இறுக்குங்கள். செயின் தொங்கினால் பின்னால் வரும்போது சட்டம் ஊஞ்சலாடும். இரண்டு கொக்கியும் ஒரே நேரத்தில் பிடிக்காது.

பிறகு ஹைட்ரோலிக்கை மெதுவாக உச்சம்வரை தூக்கிப் பாருங்கள். சட்டம் டயரிலோ பி.டி.ஓ. மூடியிலோ பின்கண்ணாடியிலோ முட்டுகிறதா? டிரெய்லர் மாட்டும் டிரோபார் நீட்டிக்கொண்டிருந்தால் சட்டம் இறங்கும்போது அதில் இடிக்கும்; கழட்டிவிடுங்கள் அல்லது உள்ளே தள்ளுங்கள்.

பூட்டும் வரிசை

சரிவில் பூட்ட வேண்டிய நிலை வந்தால், கருவி ட்ரெக்டருக்கு மேட்டுப் பக்கம் இருக்கும்படி ஒழுங்குபடுத்துங்கள். அப்போது பிரேக் விட்டாலும் ட்ரெக்டர் கருவியை விட்டு விலகித்தான் ஓடும். கருவிக்கும் சில்லுக்கும் கட்டை போடுங்கள். இதைவிட நல்லது, லயத்துக்கோ ரோட்டுக்கோ பக்கத்தில் ஒரு சமமான இடத்தைத் தேர்ந்து, எல்லாக் கருவிகளையும் எப்போதும் அங்கேயே கழட்டுவது.

1. பின்னால் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு, கொக்கிகள் கருவியின் பின்களை விட 5 முதல் 8 செ.மீ. தாழ்வாக இருக்கும்படி சட்டத்தை இறக்குங்கள்.

2. பூட்டு லீவர்கள் திறந்த நிலையில் இருக்கட்டும். தானே பூட்டும் ஸ்பிரிங் வகையென்றால் லீவரைத் தொட வேண்டியதில்லை.

3. தாழ்ந்த கியரில், அரைக் கிளச்சில் விளையாடாமல், நேராகப் பின்னால் வாருங்கள். கோணலாக வந்தால் திருத்திக்கொண்டு நிற்காமல் முன்னால் போய் மறுபடி வருவதே வேகம்.

4. கொக்கிகள் பின்களுக்கு நேர் கீழே வந்ததும் பிரேக்கை அழுத்தி மெதுவாகத் தூக்குங்கள். மேல் கொக்கி முதலில் பிடித்தால் நல்லது. அதற்காக டொப் லிங்கைப் பெயின்ட் கோட்டிலிருந்து அரைச் சுற்று நீட்டி, சட்டத்தின் தலையைக் கருவிப் பக்கம் சற்றுச் சாய்த்து வைக்கலாம்.

5. கருவி தரையிலிருந்து ஒரு சாண் எழுந்ததும் நிறுத்துங்கள். மூன்று கொக்கிகளையும் இருக்கையிலிருந்து திரும்பிப் பாருங்கள். கீழே இரண்டும் பிடித்து மேலே பிடிக்காத கருவி, தூக்கும்போது நேராக இருப்பதுபோலத் தெரியும். முதல் குலுக்கலில் பின்னுக்குக் கவிழும். பூட்டு நாக்குகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தால் திறந்ததும் மூடியதும் தூரத்திலிருந்தே தெரியும்.

6. கருவியைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். பூட்டு நாக்குகளுக்குப் பின்னால் பாதுகாப்புப் பின் போடத் துளை இருந்தால் போடுங்கள். ரொட்டவேட்டரின் அதிர்வில் ஸ்பிரிங் பூட்டு மெல்ல மெல்லத் திறந்துகொள்வது அபூர்வமல்ல. துளை இல்லாவிட்டால் 8 மி.மீ. துளை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

லீவரை இருக்கையிலிருந்து இழுக்கக் கயிறு கட்டுபவர்கள், அதைத் தண்டின் பக்கம் தொங்கவிடக் கூடாது. சுழலும் தண்டு கயிற்றைச் சுற்றினால் நடு வயலில் பூட்டைத் திறந்துவிடும்.

பி.டி.ஓ. தண்டு: அதிகம் கெடுவது இங்கே

சட்டம் போட்டதும் கருவி 100 மி.மீ. பின்னுக்குப் போய்விட்டது. தண்டின் இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும் நீளம் அதே அளவு குறைந்துவிட்டது. வெளியிலிருந்து பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது.

குழாயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். 420 மி.மீ. குழாய் என்றால் 140 மி.மீ. சட்டத்துக்கு முன்பு 240 உள்ளே இருந்தது என்று வையுங்கள். சட்டம் வந்ததும் 140. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவியைத் தூக்கி இறக்கும்போது நடு இடைவெளி இன்னும் 30 மி.மீ. கூடினால் 110தான் மிச்சம். நிமிடத்துக்கு 540 சுற்றில் அந்த மிச்சம் குழாயின் வாயை விரிக்கும், தண்டு உதறத் தொடங்கும், ஒரு நாள் இரண்டாகப் பிரிந்து அடிக்கும்.

அளக்கும் முறை இது. தண்டைப் பிரித்து, ஒரு பாதியை ட்ரெக்டரிலும் மறு பாதியைக் கருவியிலும் மாட்டுங்கள். பி.டி.ஓ. விலகிய நிலையில், கருவியை அங்குலம் அங்குலமாகத் தூக்குங்கள். ஒவ்வொரு உயரத்திலும் என்ஜினை அணைத்து, இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கமாகப் பிடித்து, எவ்வளவு மேற்படிகிறது என்று குறியுங்கள். மிகக் குறைந்த மேற்படிவு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. மிக நெருங்கிய நிலையில் குழாய் முனைகள் முட்டாமல் 25 மி.மீ.யாவது இடம் இருக்க வேண்டும். முட்டினால் தண்டு ட்ரெக்டரின் பின் பேரிங்கையோ ரொட்டவேட்டரின் கியர்பெட்டியையோ உடைக்கும்.

நீளம் போதாவிட்டால் நீண்ட குழாய்ச் சோடி வாங்குங்கள். குழாயை வெட்டித் துண்டு ஒட்டி நீட்டுவது வேண்டவே வேண்டாம். அது சுழலும்போது மையத்தில் நிற்காது.

தட்டின் ஓரத்தில் திரும்பும்போது ரொட்டவேட்டரைச் சுழலவிட்டபடியே முழு உயரம் தூக்குவது நம் பக்கத்துப் பழக்கம். தண்டின் கோணம் 30 பாகையைத் தாண்டினால் மூட்டின் சிலுவை பேரிங்குகள் நொறுங்கும். திரும்பும் முன் பி.டி.ஓ.வை விலக்குங்கள், அல்லது கத்திகள் மண்ணை விட்டு வெளியே வரும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். தண்டின் பிளாஸ்டிக் மூடி சுழலாமல் நிற்க இரு முனையிலும் சிறு சங்கிலி கட்டுங்கள். சாரத்தின் நுனியோ ரெயின்கோட்டின் நாடாவோ போதும், ஆளை இழுத்துவிடும்.

முன்சில்லில் எவ்வளவு பாரம் மிச்சம்?

சரிவில் உழுபவர் இந்தக் கணக்கை ஒரு தடவையாவது போட வேண்டும். 1,800 கிலோ ட்ரெக்டர், சில்லுகளுக்கு இடையில் 1.9 மீற்றர், எடையில் 40 சதவீதம் முன்னால் என்று எடுத்துக்கொள்வோம். முன்சில்லில் 720 கிலோ. 300 கிலோ ரொட்டவேட்டரின் எடை மையம் பின் அச்சிலிருந்து 1.3 மீற்றர் பின்னால் இருந்தால், தூக்கியதும் முன்னால் 205 கிலோ குறையும். 40 கிலோ சட்டமும் 10 செ.மீ. தள்ளலும் சேர்ந்தால் குறைவது 240 கிலோ. சமதரையில் 480 கிலோ மிச்சம்.

அதே ட்ரெக்டர், தூக்கிய கருவியோடு 15 பாகை ஏற்றத்தில், அதாவது 100 மீற்றருக்கு 27 மீற்றர் உயரும் சரிவில் ஏறினால், எடையே பின்னுக்குச் சாய்ந்துவிடும். முன்சில்லில் 240 கிலோ அளவுதான் நிற்கும். ஸ்டியரிங் கேட்க, வெற்று ட்ரெக்டரின் எடையில் 20 சதவீதமாவது, இங்கே 360 கிலோ, முன்னால் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நேர்மையாகச் சொன்னால் சட்டம் இல்லாமலேயே, 280 கிலோவில், அந்த எல்லை தாண்டிவிட்டது. சட்டம் இன்னும் 40 கிலோவை எடுத்துவிட்டது. முன் அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் 100 கிலோ பாரம் மாட்டினால் 120 கிலோ அளவு திரும்பி வந்து, மட்டுமட்டாக 360ஐத் தொடும்.

ஆகவே சட்டம் வாங்கும் பட்டியலில் முன்பாரத்தையும் சேர்த்து எழுதுங்கள். கருவியைத் தாழ்வாகப் பிடித்துப் பயணியுங்கள். குறுகிய செங்குத்தான ஏற்றத்தைப் பின்பக்கமாக ஏறுங்கள். கருவி மேட்டுப் பக்கம் இருக்கும்வரை ட்ரெக்டர் மல்லாக்க விழாது. கிளச்சைச் சட்டென்று விடுவது முன்பக்கத்தைத் தூக்கும் இன்னொரு வழி.

டிரெய்லர் இழுக்கும்போது சட்டத்தைக் கழட்டிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரின் இழுகம்பி சட்டத்தில் இடித்துத் திருகும். சட்டத்திலோ கீழ்க் கைகளிலோ சங்கிலி கட்டி விறகுக் கட்டையோ மாட்டிய லொறியோ இழுக்கக் கூடாது. பின் அச்சுக்கு மேலிருந்து இழுக்கும் எந்தப் பாரமும் ட்ரெக்டரைத் தலைகீழாகக் கவிழ்க்கக்கூடியது. இழுப்பது எப்போதும் டிரோபாரில், தாழ்ந்த புள்ளியில்.

கழட்டுதலும் கவனிப்பும்

கழட்டுவதில் வரிசை தப்பினால் அடுத்த பூட்டல் கெடும். கருவியைத் தரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, என்ஜினை அணைத்து, கால்களை இறக்கிப் பின் போடுங்கள். பிறகு கருவியைத் தரையில் முழுதாக இறக்கிவிட்டு, மறுபடி என்ஜினை அணைத்து, தண்டைக் கழட்டித் தாங்கியில் வையுங்கள். மண்ணில் போட்டால் குழாய்க்குள் சேறு போய் அடுத்த தடவை வழுக்காது. ஹைட்ரோலிக் குழாய் இருந்தால் அழுத்தத்தை விட்டபின் எடுங்கள். பாதுகாப்புப் பின்களை எடுத்து, லீவரைத் திறந்து, சட்டத்தை இன்னும் கொஞ்சம் இறக்கி, மூன்று கொக்கியும் விலகியதைப் பார்த்தபின் முன்னால் எடுங்கள். ஒரு கொக்கி மாட்டியபடி நகர்ந்தால் கருவியின் கால் வளையும்.

நம் பனிக்கும் மழைக்கும் முதலில் போவது பூட்டின் ஸ்பிரிங். சிவப்பு மண் நாக்கின் பின்னால் இறுகி, மூடியதுபோலக் காட்டி, பாதியில் நிற்கும். வேலை முடிந்ததும் தண்ணீர் அடித்துக் கழுவி, நாக்கை நாலு தடவை ஆட்டி, கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். கிரீஸைத் தடவினால் மண் ஒட்டும்; கிரீஸ் தண்டின் நிப்பிள்களுக்கும் குழாய்க்கும்தான்.

போகம் தொடங்கும் முன் கொக்கி வாயை வெர்னியரால் அளந்து புஷ்ஷின் விட்டத்தோடு ஒப்பிடுங்கள். 3 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் முதலில் புஷ்ஷை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் ஆடினால் கொக்கி தேய்ந்தது. சட்டத்தின் மேல் மூலைகள் இரண்டிலும் வெல்டிங் ஓரமாக மயிரளவு துருக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். துடைத்தும் மறுநாள் அதே இடத்தில் திரும்பி வரும் துரு, உள்ளே வெடிப்பு இருக்கிறது என்பதற்கு அடையாளம். பழைய சட்டம் விலைக்கு வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு மூலைகளையும்தான். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அங்கே மட்டும் சுரண்டிப் பார்க்க விடச் சொல்லுங்கள்; விற்பவர் தயங்கினால் வாங்க வேண்டாம்.